மனித உரிமைப் பயிற்சி என்று பணம் கேட்கிறார்களா? சேரும் முன் இதைப் படியுங்கள்

"மனித உரிமை ஆய்வு, பரப்புரை ஆகியவற்றில் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப். வீட்டிலிருந்தே செய்யலாம். ஐ.நா. அங்கீகாரம் பெற்ற சான்றிதழ். இடங்கள் குறைவு." கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இத்தகைய அறிவிப்பு ஒன்றை நம்பிப் பணம் கட்டி, வேலையும் செய்து, ஏமாற்றப்பட்டு வெளியே வந்தவள் நான். அந்த அமைப்பின் பெயர் என் புகாரில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைவிட அவர்கள் செயல்படும் விதத்தை அறிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும். பெயரை மாற்றிக்கொண்டு நாளையே வேறொரு அறிவிப்புப் போட அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது.

நேர்காணல் என்று ஒன்று நடந்தது. நான் என்ன படிக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. மனித உரிமை மீது உங்களுக்கு ஆர்வம் உண்டா என்றார்கள்; உண்டு என்றேன்; தேர்வாகிவிட்டீர்கள் என்றார்கள். அடுத்த கடிதத்திலேயே பதிவுக் கட்டணம் வந்தது. அதன்பின் பயிற்சிக் கையேட்டுக்குத் தனியாக, சான்றிதழ் அச்சிடுவதற்குத் தனியாகக் கட்டணம். கடிதத்தின் தலைப்பில் உலகப் படமும் அதைச் சுற்றி ஆலிவ் கிளைகளும் இருந்தன. பார்த்தவுடன் ஐ.நா. என்று நினைக்க வைப்பதற்காகவே வரையப்பட்ட சின்னம் அது.

இந்த ஐ.நா. விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஐ.நா. தன் பணி நியமனத்தின் எந்தக் கட்டத்திலும், விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ பயிற்சியிலோ, கட்டணம் வாங்குவதில்லை. தனியார் அமைப்பு கொடுக்கும் சான்றிதழுக்கு 'ஐ.நா. அங்கீகாரம்' என்று ஒன்றும் கிடையாது. உண்மையில் இருப்பது ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் அரசு சாரா அமைப்புகளுக்கு வழங்கும் ஆலோசனைத் தகுதி. ஐ.நா. சாசனத்தின் 71-ஆவது பிரிவும் 1996-ஆம் ஆண்டின் 31-ஆவது தீர்மானமும் இதற்கு அடிப்படை. இந்தத் தகுதி பெற்ற அமைப்பு கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அதனால் அது ஐ.நா.வின் கிளை ஆகிவிடாது. ஐ.நா. சின்னத்தைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் வந்துவிடாது. அந்தச் சின்னத்தைப் பாதுகாக்கும் தீர்மானத்தைப் பொதுச்சபை 1946-இலேயே நிறைவேற்றிவிட்டது. தகுதி பெற்ற அமைப்புகள் எவை என்பதை ஐ.நா.வின் பொதுத் தரவுத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தகுதியே இல்லாத அமைப்பும் அங்கே தன் விவரங்களைப் பதிந்து வைக்க முடியும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பித்தான் எங்களை நம்ப வைத்தார்கள். தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர்களுடைய பக்கத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

'எங்கள் அறிக்கைகளை ஐ.நா. ஏற்றுக்கொள்கிறது' என்பது அவர்களின் அடுத்த பெருமை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஒவ்வொரு நாட்டின் நிலையையும் முறை வைத்து ஆராயும் உலகளாவிய காலமுறை ஆய்வு 2008 முதல் நடந்துவருகிறது. அதற்கு எந்தக் குடிமைச் சமூக அமைப்பும் அறிக்கை அனுப்பலாம். ஆலோசனைத் தகுதிகூடத் தேவையில்லை. தனியாக அனுப்பினால் 2,815 சொற்களுக்குள், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அனுப்பும் வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருக்கும்போது, அனுப்பியதை அங்கீகாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பயிற்சி மாணவர்கள் பல ஊர்களிலிருந்து நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து, ஆணைய அறிக்கைகளைத் தொகுத்து எழுதிய பக்கங்கள், இயக்குநர் ஒருவரின் பெயரில் மட்டும் வெளியாயின. எங்களில் ஒருவர் பெயரும் நன்றியுரையில்கூட இல்லை.

இவ்வளவும் என் பணமும் உழைப்பும் போன கதை. இதற்காக மட்டும் நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு 'களப்பணி' என்று சொல்லி ஒரு பட்டியல் கொடுத்தார்கள். காவலில் இருந்தபோது உயிரிழந்தவர்களின் குடும்பத்தினருடைய பெயர், தொலைபேசி எண், முகவரி. கூடவே ஒரு கேள்வித்தாள். தொலைபேசியில் அழைத்து, கேள்விகளைக் கேட்டு, பேச்சை ஒலிப்பதிவு செய்து, எல்லோரும் திறக்கக்கூடிய கூகுள் டிரைவில் போட வேண்டும். பதிவு செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம், சொன்னால் பேச மாட்டார்கள் என்று அறிவுறுத்தல். பயிற்சி வகுப்பு ஒன்றுகூட நடக்காத நிலையில், இருபது வயதுப் பிள்ளைகள் கையில் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

முதலில் எடுத்த அழைப்பிலேயே, பதிவு எதையும் தொடங்காமல், நான் யார், எதற்காக அழைக்கிறேன் என்று சொன்னேன். மறுமுனையில் ஒரு தாய். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது மேலே போனால் என் பையன் வழக்கை மறுபடியும் எடுப்பார்களா அம்மா?" என்னால் அப்படி உறுதி தர முடியாது என்றேன், அவருடைய வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். இதை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது, 'ஐ.நா.வுக்குப் போகிறது, நீதி கிடைக்கும் என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே' என்று கோபப்பட்டார். மகனைப் பறிகொடுத்த ஒருவரிடம் அப்படிப் பொய் சொல்லித்தான் ஒரு அறிக்கை உருவாக வேண்டும் என்றால், அந்த அறிக்கை உருவாகாமலே போகட்டும்.

இதில் உள்ள ஆபத்து வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, அனுபவமில்லாத ஒருவர் குறிப்பெடுக்கும் வாக்குமூலத்தில் தேதியோ நேரமோ சற்று மாறிப்போனால், அந்த முரண்பாட்டைக் காட்டியே சாட்சியை நம்ப முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். யார் பேசினார்கள் என்பது கசிந்தால் மிரட்டல் வரும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே ஒருவரை மீண்டும் நொறுக்கும். இதற்கெல்லாம் நெறிமுறைகள் எப்போதோ எழுதப்பட்டுவிட்டன. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999-இல் உருவாகி 2022-இல் திருத்தப்பட்டது. எதற்காகப் பேசுகிறோம், தகவல் எங்கே போகும், என்ன விளைவு வரலாம் என்பதையெல்லாம் விளக்கிய பிறகு பெறும் ஒப்புதலை அது வலியுறுத்துகிறது. இணையத்தில் கிடைக்கும் படங்களையும் காணொளிகளையும் வைத்துச் செய்யும் விசாரணைக்கு 2020-இல் பெர்க்லி நெறிமுறை வெளிவந்தது. ஆய்வு செய்பவரின் மனநலத்தைக் காப்பது பற்றியும் அதில் இருக்கிறது. இரண்டையும் இலவசமாகப் படிக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இரண்டின் பெயர்கூட இல்லை.

மாணவர்களுக்கு இந்தத் துறையில் வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் தொடங்கிய டிஜிட்டல் சரிபார்ப்புக் குழுவில் பெர்க்லி, எசெக்ஸ், பிரிட்டோரியா போன்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், ஒரு காணொளி எங்கே எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யும் வேலையைச் செய்கிறார்கள். முறையான பயிற்சிக்குப் பிறகு, மேற்பார்வையோடு செய்யும் வேலை அது. தீர்ப்புகளைத் தொகுப்பது, தகவல் அறியும் மனு எழுதுவது, ஆணையங்களின் பரிந்துரைகள் என்ன ஆயின என்று பின்தொடர்வது என்று மாணவரால் செய்யக்கூடிய நல்ல வேலை நிறைய இருக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் முதன்முதலாகப் பேசும் பொறுப்பு அந்தப் பட்டியலில் வராது.

ஊதியம் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஊதியம் தராத பயிற்சி எல்லாமே மோசடி ஆகாது. ஐ.நா. தலைமைச் செயலகப் பயிற்சிக்கே ஊதியம் கிடையாது. 2015-இல் ஜெனீவாவில் ஐ.நா. பயிற்சி மாணவர் ஒருவர் வாடகை கொடுக்க வழியில்லாமல் கூடாரத்தில் தங்கியதாக உலகமெங்கும் செய்தி வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 23-ஆவது பிரிவு, உழைக்கும் ஒவ்வொருவருக்கும் நியாயமான ஊதியம் என்று 1948-இலேயே சொல்லிவிட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது, முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் ஊதியம் தராமல் இருப்பது ஒரு குறை. உழைப்பையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் கேட்பது வேறு வகை.

வாக்குமூலம் வாங்கும் வேலையை இனி செய்ய மாட்டேன், நான் எழுதிய பகுதிகளுக்கு என் பெயர் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அன்றே குழுவிலிருந்து நீக்கினார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் புதிதாகச் சில மாணவர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று தனியாகச் செய்தி வந்தது. 'கல்லூரித் தூதர்' என்று அதற்கு ஒரு பதவி. உங்களுக்கு மூத்த மாணவர் யாராவது இந்த அறிவிப்பை அனுப்பினால், அவரும் தன் சான்றிதழுக்காகத் தவித்துக்கொண்டிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சேரும் முன் எழுத்து மூலம் கேளுங்கள்: என்னை மேற்பார்வையிடுபவர் யார், அவர் இதற்கு முன் வெளியிட்ட ஆய்வு எது? என் எழுத்துக்கு என் பெயர் இருக்குமா? பாதிக்கப்பட்டவர்களின் தகவல்களை யார் பார்க்க முடியும், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? அவர்களுக்கு ஆபத்து வந்தால் யார் பொறுப்பு? உண்மையாக வேலை செய்யும் அமைப்பு, சிறியதாக இருந்தாலும், கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும். பதிலுக்கு 'இடங்கள் முடியப்போகின்றன' என்று வந்தால் விலகிவிடுங்கள். முன்பு அங்கே பயின்ற ஒருவரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். அமைப்பு அறிமுகம் செய்துவைப்பவர் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பணம் செலுத்திய ரசீது, கடிதங்கள், உரையாடல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். துறைத் தலைவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். பல அறிவிப்புகள் கல்லூரியின் பெயரைச் சொல்லித்தான் பரவுகின்றன. ஆதாரம் என்று நினைத்துக் குடும்பங்களின் ஒலிப்பதிவுகளை மட்டும் உங்கள் கைப்பேசியில் இறக்கி வைக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டும், கூகுள் டிரைவில் உள்ள அந்தக் கோப்புகளை மற்றவர் திறக்க முடியாதபடி மூடி, ஒப்புதல் இல்லாமல் எடுத்த பதிவுகளை அழிக்கச் சொல்லியும் தனித்தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்கும் பதில் இல்லை. 'ஐ.நா.வுக்கு அறிக்கை அனுப்புகிறோம்' என்று சொல்லி யாராவது தொலைபேசியில் பேசி வாக்குமூலம் வாங்கியதாக உங்களுக்குத் தெரிந்த குடும்பம் சொன்னால், என்ன பேசினார்கள், எந்தத் தேதியில் பேசினார்கள் என்பதை உடனே தங்கள் வழக்கறிஞரிடம் தெரிவிக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.