காத்திருக்க வைக்காத சீட்டுக்கட்டுகள்

எங்கள் வீட்டில் ஒரு ஆட்டம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இரண்டு பேர். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன், விதிமுறையைக் கொஞ்சம் நீட்டி விளக்கினாலே மேஜைக்கு அடியில் போய்விடுவான். என் மாமியார், தன் முறை வரத் தாமதமானால் "நீங்க ஆடுங்கம்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு" என்று எழுந்துவிடுவார். இருவரையும் ஒரே மேஜையில் பிடித்து உட்கார வைக்கிற கட்டு எது என்று தேடியதில் அலமாரியில் ஒரு தட்டே நிறைந்துவிட்டது. அதில் சிலவற்றைப் பற்றி மட்டும் இங்கே.

பெட்டியின் பின்னால் '15 நிமிடம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டுப் பேர் முறை வைத்து ஆடினால் அதில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் அடுத்தவர் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பதை நாம் வேடிக்கை பார்க்க வேண்டும். விதி எளிதாக இருந்தும் ஆட்டம் ஜவ்வாக இழுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

யூனோவையே எடுத்துக்கொள்வோம். 1971-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துபவர் உருவாக்கியது. ஆளுக்கு 7 சீட்டு. நிறமோ எண்ணோ பொருந்தினால் இறக்கு, இல்லாவிட்டால் கட்டிலிருந்து எடு. மூன்று நான்கு பேருக்கு இன்றைக்கும் அருமையான ஆட்டம். ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டால்தான் சிக்கல். நம் முறை வர இன்னும் ஒரே ஆள் பாக்கி என்று நிமிர்ந்து உட்காரும்போது அந்த ஆள் ரிவர்ஸ் சீட்டை இறக்குவார், சுற்று வந்த வழியே திரும்பிப் போய்விடும். மாமியார் எழுந்து போனது அப்படி ஒரு ரிவர்ஸில்தான்.

இன்னொரு தலைவலி, அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் +2 சீட்டின் மேல் இன்னொரு +2 வைத்து அதற்கும் அடுத்தவர் தலையில் கட்டும் பழக்கம். எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறோம், ஆனால் அது மூல விதியில் கிடையாது. +4 விழுந்தால் நான்கு சீட்டை எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டியதுதான், அதன்மேல் +2 வைத்துத் தப்பிக்க முடியாது என்று யூனோ தரப்பே 2019-ல் சமூக ஊடகத்தில் சொல்லிவிட்டது. அதைப் படித்துக் காட்டியும் என் நாத்தனார் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு கதை. அடுக்கலாமா கூடாதா என்பதை மட்டும் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பாதியில் பேச ஆரம்பித்தால் அழுகுணி ஆட்டம்தான்.

மகனுக்குப் பிடித்தது டாபிள். சில நாடுகளில் 'ஸ்பாட் இட்' என்ற பெயரில் கிடைக்கிறது. வட்ட வடிவில் 55 சீட்டுகள், ஒவ்வொன்றிலும் 8 படங்கள். எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கும். அதை முதலில் பார்த்துப் பெயர் சொல்பவருக்குச் சீட்டு. விதி இவ்வளவுதான், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் ஆடலாம். முறை என்ற பேச்சே கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கண்ணை ஏமாற்றுவது படங்களின் அளவு. ஒரு சீட்டில் பெரிதாக நடுவில் இருக்கும் பனிமனிதன் இன்னொன்றில் பொடிசாக ஓரத்தில் தலைகீழாகக் கிடப்பான். பெரியவர்கள் பெரிய படங்களையே சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். பையன் ஓரத்திலிருந்து பொறுக்கி எடுத்துவிடுவான். 

இந்த அமைப்புக்குப் பின்னால் சுத்தமான கணிதம் இருக்கிறது. சீட்டுக்கு 8 படம் என்று வைத்தால் மொத்தம் 57 படங்களை வைத்து 57 சீட்டுகள் வரை செய்யலாம். பெட்டியில் ஏனோ இரண்டு குறைவாக 55. கணிதம் தெரியாதவர் கை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். இதே மாதிரி என்று சொல்லி விற்ற, பெயர் தெரியாத ஒரு மலிவுக் கட்டில் இரண்டு சீட்டுகளுக்குள் பொதுப்படமே இல்லை. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடோ தேடென்று தேடினோம். அசலையே வாங்குங்கள்.

டாபிளின் குறை, ஆட்களுக்கிடையே வேகம் ஏணி வைத்தாலும் எட்டாது. கண்ணாடி மறந்து வந்தவர் கதி அதோகதி. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஹல்லி கல்லி கொஞ்சம் பரவாயில்லை. நடுவில் ஒரு மேஜை மணி. ஒவ்வொருவராகத் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பிப் போட வேண்டும். விரிந்து கிடக்கும் சீட்டுகளில் ஏதாவது ஒரு பழம் சரியாக ஐந்து தெரிந்தால் மணியை அடிக்க வேண்டும். நான்கோ ஆறோ இருக்கும்போது அடித்துவிட்டால், அடித்தவர் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டைத் தண்டமாகக் கொடுக்க வேண்டும். இந்தத் தண்டம்தான் ஆட்டத்தைச் சமன் செய்கிறது, அவசரக் குடுக்கைகள் தாமாகவே காலியாகிவிடுவார்கள். சீட்டைத் தன் பக்கமாக இல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் திருப்புகிறவருக்குத்தான் முதலில் தெரியும். நகத்தை வெட்டிவிட்டு உட்காருங்கள். சத்தமும் சாதாரணமில்லை, யாராவது தூங்கினால் வேண்டாம்.

இப்போது மாமியாரின் ஆட்டத்துக்கு வருகிறேன். 6 நிம்ட். சில ஆங்கிலப் பெட்டிகளில் 'டேக் 5' என்று இருக்கும். 1994-ல் ஜெர்மனியின் வுல்ஃப்காங் கிராமர் வடிவமைத்தது. 1 முதல் 104 வரை எண் போட்ட சீட்டுகள், ஆளுக்குப் பத்து, மேஜையில் நான்கு வரிசை. 10 பேர் ஆடினால் பத்துப் பத்தாக நூறும் வரிசைத் தலைச்சீட்டு நான்கும் சேர்ந்து கட்டு மொத்தமும் தீர்ந்துவிடும், ஒன்றுகூட மிஞ்சாது. எல்லோரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சின்ன எண்ணிலிருந்து தொடங்கி, கடைசி எண் தன்னைவிடச் சிறியதாகவும் தனக்கு மிக நெருக்கமாகவும் இருக்கும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஒரு வரிசையில் ஆறாவது சீட்டு யாருடையதோ அவர் முந்தைய ஐந்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் காளைத் தலைகள்; அத்தனையும் தண்டப் புள்ளி. பெரும்பாலானவற்றுக்கு ஒரு தலை, 55-க்கு மட்டும் ஏழு. யாராவது 66-ஐத் தொட்டதும் ஆட்டம் முடியும், குறைந்த தலைகள் உள்ளவருக்கு வெற்றி.

பத்துப் பேர் உட்கார்ந்தாலும் இதில் காத்திருப்பு இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். சீட்டு திரும்பும் அந்த ஒரு நொடிக்காகவே ஆடலாம். 41 முடிவில் இருக்கும் வரிசைக்கு 43 வைத்து நிம்மதியாக இருப்போம். பக்கத்தில் ஒருவர் 42-ஐத் திருப்புவார். ஐந்தாவதாகச் சேர வேண்டிய நம் சீட்டு ஆறாவதாகிவிடும். "ஏம்மா, போயும் போயும் என் வரிசைலதான் வந்து விழணுமா?" என்று மாமியார் கேட்கும் தொனியில் எனக்கு ஒரு மாத மனத்தாங்கல் தெரியும். அடுத்த சுற்றில் அதையே அவர் எனக்குச் செய்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் சீட்டை அடுக்குவார்.

மூன்று நான்கு பேர்தான் என்றால் ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள்: ஆள் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி நான்கைக் கூட்டி, அதுவரை உள்ள சீட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 1 முதல் 44 வரை. எல்லாச் சீட்டும் மேஜையிலோ யாரோ ஒருவர் கையிலோ இருக்கிறது என்பது தெரிவதால் கணக்குப் போடுபவருக்கு வேலை கிடைக்கும். மகனுக்கு இன்னும் மூன்றிலக்க எண் தடுமாறுகிறது. இந்தச் சின்னக் கட்டில் அவனும் ஆடுகிறான்.

தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களில்தான் எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் 2015-ல், இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டு வெளிவந்தது. படங்களைப் பார்த்தே சிரிக்கலாம். ஆனால் வெடிக்கும் பூனைச் சீட்டில் சிக்கி முதலில் வெளியேறியவர் மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும், அது என் மகன் என்றால் மேஜையும் சும்மா இருக்காது. லவ் லெட்டரிலும் ஆள் வெளியேறுவது உண்டு. ஆனால் ஒரு சுற்றே சில நிமிடம்தான், அழ ஆரம்பிப்பதற்குள் அடுத்த சீட்டு கையில் வந்துவிடும். கையில் ஒரு சீட்டு, ஒன்றை எடுத்து ஒன்றை இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானின் செய்ஜி கனாய் வடிவமைத்த அந்தக் கட்டில் முதலில் 16 சீட்டுகளே இருந்தன. இப்போது வருவதில் 21, ஆறு பேர் வரை ஆடலாம்.

இத்தனை சின்னக் கட்டை வாங்குபவர்கள் பிளாஸ்டிக் உறையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எங்கள் லவ் லெட்டர் கட்டில் இளவரசிச் சீட்டின் மூலையில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. அது யார் கையில் இருக்கிறது என்று நாத்தனார் மகள் ஒவ்வொரு முறையும் 'ஊகித்து'க்கொண்டே இருக்கிறாள்.