என்-ரோட்ஸ்: மனு எழுதும் முன் இதைத் திறங்கள்

மாணவர் சூழல் குழுக்கள் காலநிலைச் சட்டம் கேட்டு எழுதும் மனுக்களைத் திருத்திக் கொடுப்பது எனக்கு ஒரு துணைத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் கிடையாது. சட்டம் படித்தவள் என்று தெரிந்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். முதல் வரைவு பெரும்பாலும் ஒரே அச்சுதான்: மரம் நட வேண்டும், பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும், விழிப்புணர்வு வேண்டும், அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். சரி, யார், எதை, எந்த ஆண்டுக்குள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நான் திறக்கச் சொல்வது என்-ரோட்ஸ்.

இது பிரவுசரில் ஓடும் ஒரு சிமுலேட்டர். கிளைமேட் இன்டராக்டிவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியோடும் வென்டானா சிஸ்டம்ஸோடும் சேர்ந்து உருவாக்கியது. இலவசம். கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிக்காது. திரையில் ஒரு பக்கம் உலகம் எந்தெந்த எரிபொருளில் ஓடுகிறது என்ற கிராஃப், இன்னொரு பக்கம் பசுமைக்குடில் வாயு உமிழ்வு, ஓரத்தில் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2100இல் பூமி எவ்வளவு சூடேறியிருக்கும் என்று ஒரு பெரிய எண். கீழே நிலக்கரி, எண்ணெய், கார்பன் விலை (உமிழ்வுக்கு வைக்கும் கட்டணம்), காடழிப்பு, மின்வாகனம் என்று ஸ்லைடர்கள். எதையும் தொடாமல் விட்டால் அண்மைப் பதிப்புகளில் எண் 3.3 டிகிரி செல்சியஸில் நிற்கும். பாரிஸ் ஒப்பந்தம் கேட்பது 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே, முயன்றால் 1.5. ஸ்லைடரை இழுத்த அடுத்த நொடியே எண் மாறிவிடும். காத்திருக்க வைக்காதது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இருபது பேர் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லும் அறையில் அதுதான் இதைப் பயன்படுத்த முடிகிற பொருளாக ஆக்குகிறது.

எந்தக் குழுவாக இருந்தாலும் முதலில் கை வைப்பது மரத்தில்தான். ஸ்லைடரைக் கடைசி வரை இழுப்பார்கள். தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கம் லேசாக அசையும், அவ்வளவுதான். "அக்கா, இது வேலை செய்யலையா?" என்று ஒரு பெண் மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். வேலை செய்கிறது. மரம் வளர்ந்து கார்பனை இழுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் புகைபோக்கிகள் சும்மா இருக்கப் போவதில்லை. அடுத்து எப்போதும் ஒரு பையன் மக்கள்தொகையைக் குறைத்துப் பார்ப்பான். அதுவும் பெரிதாகக் கை கொடுக்காது. பிறகு எல்லாரும் சேர்ந்து நிலக்கரிக்கு வரி போடுவார்கள். நிலக்கரி இறங்கும், ஆனால் அந்த இடத்தில் ஒரு பகுதியை எரிவாயு பிடித்துக்கொள்ளும். பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைப்பது மாதிரி. கார்பனுக்குப் பொதுவாக ஒரு விலை வைத்துப் பார்க்கும்போதுதான் எண் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். அதுவும் தனியாக 2 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய் விடாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி முகப்பில் தெரிவதில்லை. ஒவ்வொரு ஸ்லைடரின் அருகிலும் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தட்டினால் நுணுக்கமான அமைப்புகள் திறக்கும். நிலக்கரியில் புதிய கட்டமைப்புகள் கட்டுவதை நிறுத்தலாம், எந்த ஆண்டிலிருந்து என்றும் குறிக்கலாம். அந்த ஆண்டைப் பத்து வருடம் தள்ளிப்போட்டு, உமிழ்வுக் கோட்டைப் பாருங்கள். ஒரு அனல்மின் நிலையத்தைக் கட்டி முடித்தால் அது முப்பது நாற்பது வருடம் ஓடும். அதனால் இன்றைக்குக் கொடுக்கும் அனுமதிதான் பேரன் பேத்தி காலம்வரை புகைகிறது. மனுவில் 'படிப்படியாக' என்று எழுதிய குழு, இதைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஆண்டைப் போட்டது. நான் வாயால் எத்தனையோ முறை சொல்லியும் நடக்காத காரியம் அது.

சட்டத்தில் ஆண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே 2019இல் வந்த காலநிலைப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் இளம் செயற்பாட்டாளர்களும் உண்டு. 2030க்குப் பிறகு உமிழ்வை எப்படிக் குறைப்பது என்று சட்டம் போதிய அளவு சொல்லவில்லை, சுமையைப் பின்னால் வருபவர்கள் தலையில் தள்ளுகிறது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் சொன்னது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, கார்பன் நடுநிலை, அதாவது உமிழ்வதும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை, அடையும் இலக்கு ஆண்டு 2045 என்று முன்னுக்கு இழுக்கப்பட்டது. பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டத்திலும் கவனிக்க வேண்டியது தூரத்து இலக்கை விட, ஐந்தைந்து ஆண்டுகளுக்குள் இவ்வளவுதான் உமிழலாம் என்று வரம்பு கட்டும் கார்பன் பட்ஜெட்தான். என்-ரோட்ஸில் அரைமணி நேரம் விளையாடிய மாணவர்களுக்கு இந்தப் பிரிவுகளை விளக்குவது எளிதாக இருக்கிறது. கோடு எங்கே வளைய வேண்டும் என்று அவர்களே பார்த்துவிட்டார்கள் அல்லவா.

இதோடு சேர்ந்து ஒரு விளையாட்டும் உண்டு. கூட்டத்தை ஆறு அணியாகப் பிரிப்பார்கள்: உலக அரசுகள், தூய தொழில்நுட்பம், நிலக்கரி-எண்ணெய் மாதிரியான மரபு எரிசக்தி, தொழிலும் வணிகமும், நிலமும் விவசாயமும் காடும், அப்புறம் காலநிலை நீதி கேட்போர். எல்லாருக்கும் கடைசி அணிதான் வேண்டும். நான் கோஷம் போடுவதில் கெட்டிக்காரரைப் பிடித்து மரபு எரிசக்தியில் உட்கார வைப்பேன். வேலை போகும், விலை ஏறும், ஏழைகள் என்ன செய்வார்கள் என்று அவர் பேச ஆரம்பித்தால், சட்டமன்றக் குழு முன்னால் என்னென்ன கேள்வி வரும் என்பதற்கு வேறு ஒத்திகையே தேவையில்லை.

இனி குறைகள். முதலாவது, இது உலகம் முழுவதையும் ஒரே துண்டாகப் பார்க்கிறது. கார்பன் விலையை இழுத்தால் உலகமே சேர்ந்து அந்த விலையை வைத்ததாக அர்த்தம். உங்கள் அரசு மட்டும் ஒரு சட்டம் போட்டால் என்ன ஆகும் என்று இதில் பார்க்க முடியாது. கிளைமேட் இன்டராக்டிவின் இன்னொரு கருவியான சி-ரோட்ஸில் நாடுகளையும் நாட்டுக் கூட்டங்களையும் பிரித்து உமிழ்வுக் குறைப்பை அமைக்கலாம், ஆனால் அங்கே கொள்கைகள் கிடையாது, இலக்குகள்தான்.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. ஸ்லைடரை இழுப்பவருக்கு எதிர்ப்பே இல்லை. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மாணவர்கள் 2019இல் தொடங்கிய பிரசாரம் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசைத் தொட்டு, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாகி, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்து வரை போனது. நாடுகளுக்குக் காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்கெல்லாம் என்-ரோட்ஸில் எந்த ஸ்லைடரும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் கிராஃபை இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துவிடும் குழுக்கள் உண்டு. அதுவும் பொறியியல் படிப்பவர்கள் அதிகமாக இருக்கும் குழுவில் இந்த மயக்கம் சட்டென்று வந்துவிடும்.

மனு எழுதும் முன் ஒரு மாலை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. புரொஜெக்டரும் மவுஸைப் பிடிக்க ஒருவரும் போதும். ஒவ்வொரு முடிவையும் யாராவது தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் நீங்கள் ஸ்லைடர்களை வைத்திருக்கும் அமைப்பைப் பகிர கருவியே ஒரு லிங்க் தரும். அதை மனுவின் பின்னிணைப்பில் மட்டும் போடுங்கள். முன்னால் ஆதாரமாக வைத்தால், எதிரில் இருப்பவர் "இது உலகக் கணக்கு, நம் கணக்கு எங்கே?" என்று கேட்பார், அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் உங்கள் அரசின் சொந்த உமிழ்வுக் கணக்கெடுப்பில் இருக்கிறது, அதைத் தனியாகத் தேடி எடுத்து வையுங்கள்.