சுரண்டிப் பார்ப்பதா, ஊசி போட்டுப் பார்ப்பதா?

எங்கள் நாய் கறுப்பனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் முடி கொட்டி, தோல் சிவந்து, ராத்திரி முழுக்கக் காலை நக்கிக்கொண்டே இருந்தான். பினாங்கு ஜெலுத்தோங்கில் பக்கமாக இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்தார்கள், "அலர்ஜி" என்றார்கள், அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினான். அப்புறம் முடி கொட்டிய இடம் இரண்டு மடங்காகி, சீழ்க் கொப்புளமும் வந்துவிட்டது.

அடுத்துப் போன இடத்தில் இளம் மருத்துவர் ஒருவர். பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கறுப்பனின் தோலை விரலால் கிள்ளிப் பிடித்து, லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டினார். அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, "வாங்கண்ணே, நீங்களே பாருங்க" என்றார். சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு. முன்பாதியில் மட்டும் குட்டையாக எட்டுக் கால்கள், மெல்ல அசைந்துகொண்டிருந்தன. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி. மயிர்க்கால்களுக்குள் குடியிருப்பது. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் இதற்கு அது கொண்டாட்டம்.

ஊசி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள நாய்க்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் அது வர வேண்டும். பத்தே நிமிட வேலையைத் தாண்டிப் போனதற்கு எங்கள் பிள்ளை மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டான்.

சுரண்டலுக்கும் ஒரு குறை உண்டு. டெமோடெக்ஸை அது பெரும்பாலும் பிடித்துவிடும். சிரங்கு உண்டாக்கும் சர்கோப்டிஸ் பூச்சியோ எண்ணிக்கையில் குறைவு, தோலுக்குள் வளை தோண்டி ஒளிந்திருக்கும். தகட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் "இல்லை" என்று சொல்லிவிட முடியாது. காது ஓரமும் முழங்கையும் செதிலாகி, காது மடலைத் தேய்த்தவுடன் பின்னங்கால் தானாகச் சொறிய எழும்பினால், மருந்து கொடுத்துப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயம் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. பூச்சிக்கு இது சுரண்டலுக்கு ஈடாகாது. ஆனால் ஈஸ்ட் என்ற பூஞ்சை, பாக்டீரியா இரண்டுக்கும் இதுதான் எளிது. பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலம் மழை என்றிருக்கும் நம் ஊரில் காதும் விரலிடுக்கும் காயவே காயாது. புளித்த வாடை அடித்து, தோல் பிசுபிசுத்து, கறுத்துத் தடித்தால் முதலில் டேப்பைத்தான் கேட்பேன்.

வீட்டிலேயே செய்யக்கூடியது பேன் சீப்பு. வால் அடியில் வாரி, வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். வெறும் மண் என்றால் அப்படிக் கசியாது. ஆனால் பூனையிடம் இது ஏமாற்றும். பூனை மறைவாக உட்கார்ந்து நக்கியே பூச்சியையும் எச்சத்தையும் விழுங்கிவிடும். வயிறு வழுவழுவென்று மொட்டையாக இருந்தால் முடி தானாகக் கொட்டியது என்று நினைத்துவிடாதீர்கள், நாக்கு செய்த வேலையாகவும் இருக்கலாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, உயிர் போய்விடும்.

வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. பாசத்தில் செய்வதுதான். ஆனால் மஞ்சள் ஏறிய தோலில் சிவப்பு தெரியாது, மருத்துவருக்குப் பாதி அடையாளம் போய்விடும். கிளினிக்குக்குப் போகும் முன்பு பூசவும் வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம்.

படர்தாமரைக்குப் புற ஊதா விளக்கா, பூஞ்சை வளர்ப்புச் சோதனையா? விளக்கு அங்கேயே பதில் சொல்லும். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை இருந்தால் மயிரின் அடி பெரும்பாலும் பச்சையாக ஒளிரும். மற்ற வகைகள் பெரும்பாலும் ஒளிராது என்பதால், ஒளிரவில்லை என்றால் நிம்மதிப்பட முடியாது. வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் காத்திருப்பேன், அதுவரை பூனையைத் தனி அறையில் வைப்பேன்.

உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். அதை நம்ப முடியாது. எட்டு வாரம் ஒரே வகைத் தனி உணவு, பிறகு பழைய சாப்பாட்டைக் கொடுத்து அரிப்பு திரும்புகிறதா என்று பார்ப்பது, இதுதான் வழி. சிரமம்தான். தாத்தா மேசைக்கு அடியில் நீட்டும் ஒரு துண்டு ரொட்டி சானாயே அத்தனை வாரத்தையும் கெடுத்துவிடும்.

கடைசியாக, மூக்கில் ஆறாத புண் உள்ள பூனை. எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் அக்கா ஒருவரின் பூனைக்கு மூக்குப் பாலம் வீங்கி வெடித்திருந்தது. சண்டைக் காயம் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் ஆறவில்லை. மலேசியாவில் இந்த இடத்தில் ஸ்போரோட்ரைகோசிஸை மறக்கவே கூடாது. பூனைகளிடையே பரவி, கீறல் வழியாக மனிதர்களுக்கும் வரும் பூஞ்சை நோய் அது. வளர்ப்புச் சோதனைதான் உறுதி, ஆனால் நாளாகும். பூனையின் புண்ணில் இந்தப் பூஞ்சை பொதுவாக ஏராளமாக இருப்பதால், கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றிச் சாயம் போட்டாலே பல நேரம் அன்றைக்கே தெரிந்துவிடும். அக்காவின் பூனைக்கும் அப்படித்தான் தெரிந்தது. இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து மாதக்கணக்கில், புண் ஆறிய பிறகும் ஒரு மாதமாவது.

மருத்துவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கையக் காட்டுங்க" என்றார். மணிக்கட்டில் பழைய கீறல் ஒன்று, அதிலிருந்து முழங்கையை நோக்கி வரிசையாக மூன்று சின்னக் கட்டிகள். கொசுக்கடி என்று நினைத்திருந்தாராம். அன்று சாயங்காலமே அவரை நான் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.