கடை மூடினால் பாட்டு யாருக்கு? சிடி, பூட்டிய கோப்பு, பூட்டில்லாக் கோப்பு, சந்தா: ஓர் ஒப்பீட்டு அலசல்

பாட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். விற்றவர் நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டால் இந்தப் பாட்டு ஓடுமா? 320 கேபிபிஎஸ்ஸா (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு), தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்கா என்ற சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் சிடியும் பூட்டில்லாக் கோப்பும் தேறும். பூட்டிய கோப்பு தேறாது. சந்தா இந்தப் பரீட்சைக்கே வருவதில்லை. ஆனால் தேறியவற்றிலும் சிக்கல்கள் உண்டு, தேறாதவற்றிலிருந்து தப்பிக்க வழிகளும் உண்டு.

பூட்டிய கோப்பு

2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்தபோது ஒரு பாட்டின் விலை 99 சென்ட். கிடைத்தது 128 கேபிபிஎஸ் ஏஏசி கோப்பு (எம்பி3 போலச் சுருக்கிய வடிவம்), அதன்மேல் ஃபேர்ப்ளே என்ற டிஆர்எம் பூட்டு, அதாவது நகலையும் உபயோகத்தையும் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் பூட்டு. பாட்டை ஒரு சாவியால் மறையாக்கம் செய்து, அந்தச் சாவியை வாங்கியவரின் கணக்குச் சாவியால் மறுபடி பூட்டி, கோப்புக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். கணக்குச் சாவி ஆப்பிளின் சர்வரிலும், அனுமதி பெற்ற கணினிகளிலும் மட்டும் இருக்கும். முதலில் 3 கணினிகளுக்குத்தான் அனுமதி. 2004இல் அதை 5 ஆக்கினார்கள். அதே கையோடு, ஒரே பாட்டு வரிசையை சிடியில் எழுதும் வரம்பை 10 தடவையிலிருந்து 7 ஆகக் குறைத்தார்கள். விற்றபின்னும் நிபந்தனையை மாற்றும் அதிகாரம் விற்றவரிடமே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பலர் மாட்டிக்கொண்ட இடம் இன்னொன்று. கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன் அனுமதியை ரத்து செய்ய மறந்தால், அந்த 5இல் ஒன்று வீண். எல்லாக் கணினிகளின் அனுமதியையும் மொத்தமாக ரத்து செய்யலாம், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் நடந்தது இன்னும் மோசம். கடையில் வாங்கும் பூட்டிய பாட்டும் கருவியும் ஒத்துப்போகும் என்பதற்காக 2004இல் வந்த ‘ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்’ முத்திரை, பெயரிலேயே ‘நிச்சயம் ஓடும்’ என்று சத்தியம் செய்தது. 2006 நவம்பரில் அதே நிறுவனம் கொண்டுவந்த ஸூன் என்ற பாட்டுக் கருவியில் அந்தப் பாட்டுகள் ஓடவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் மியூசிக் கடை அதே மாதம் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போனது: ஆகஸ்ட் 31க்குப் பிறகு உரிமச் சாவி தரமாட்டோம். ஏற்கெனவே அனுமதி பெற்ற கணினியில் பாட்டு ஓடும். புதுக் கணினி வாங்கினாலோ விண்டோஸை மறுபடி நிறுவினாலோ ஓடாது. எதிர்ப்பு கிளம்பியதும் கெடுவை 2011 இறுதிவரை நீட்டித்தார்கள். யாஹூவின் பாட்டுக் கடையும் 2008 செப்டம்பர் 30ஐக் கெடுவாக வைத்தது. அவர்களாவது கூப்பனோ பணமோ திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்போது தரப்பட்ட ஆலோசனை, ‘சிடியில் எழுதி மறுபடி கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்பது. சட்டப்படி சரியான வழிதான், ஆனால் காதுக்கு நஷ்டம். 128 கேபிபிஎஸ்ஸில் ஏற்கெனவே சுருக்கிய ஒலியை எம்பி3 ஆக மறுபடி சுருக்கும்போது, தாளத் தட்டுகளின் ஓசையும் பாடகரின் ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் முதலில் கரகரக்கும். ஃப்ளாக்காக ஏற்றினால் மேற்கொண்டு இழப்பில்லை, ஆனால் கோப்பு பல மடங்கு பெருக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் காலத்துக் கோப்புகள் கிடந்தால் பெயரின் கடைசியைப் பாருங்கள். எம்4ஏ (m4a) என்றிருந்தால் கவலையில்லை. எம்4பி (m4p) என்றிருந்தால் பூட்டு. ஐட்யூன்ஸ் மேட்ச் சேவை கிடைக்கும் நாடுகளில் ஓராண்டுச் சந்தா (அமெரிக்காவில் 24.99 டாலர்) கட்டினால், கடையின் பட்டியலோடு பொருந்தும் பாட்டுகளைப் பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சந்தா முடிந்தபின்னும் அது உங்களுடையதே. முதலில் பழைய கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். பிறகு கணினியில் உள்ளதை அழித்துவிட்டு இறக்குங்கள். அழிக்காமல் விட்டால் பழைய பூட்டிய கோப்பே தொடரும்.

சிடி

பிலிப்ஸும் சோனியும் 1980இல் சிடிக்காக வகுத்த ரெட் புக் தரத்தில் மறையாக்கம் என்ற பேச்சே இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், நொடிக்கு 1411 கிலோபிட் என்று ஒலி அப்படியே கிடக்கும். அதனால் சிடிக்குப் பூட்டுப் போட நினைத்தவர்கள், சிடியையே கெடுக்க வேண்டியிருந்தது. 2001, 2002 வாக்கில் வந்த கீ2ஆடியோ, கேக்டஸ் டேட்டா ஷீல்டு போன்ற நகல் தடுப்புப் பூட்டுகள் செய்தவை அதைத்தான். தட்டின் வெளி விளிம்பில் ஒரு பொய்யான தரவுப் பகுதி இருக்கும். சாதாரண சிடி பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது. கணினி டிரைவ் கடைசிப் பகுதியைத்தான் முதலில் படிக்கும் என்பதால் அங்கேயே தடுமாறி நின்றுவிடும். அந்த விளிம்பின்மேல் மார்க்கர் பேனாவால் கோடிழுத்தால் பூட்டே போய்விட்டது என்பது 2002இன் வேடிக்கை.

கெட்டது என்னவென்றால், கார் பிளேயர்கள் பலவற்றின் உள்ளே இருந்ததும் கணினி டிரைவ் வகைதான். காசு கொடுத்து வாங்கிய தட்டு காரில் ஓடவில்லை. பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஈஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் மீது வழக்குப் போட, 2003இல் நான்டேர் நீதிமன்றம் வாங்குபவருக்கு அந்தக் குறையைச் சொல்லாமல் விற்றது தவறு என்றது. பிலிப்ஸும், இந்தத் தட்டுகளுக்குச் சிடி முத்திரை போடக் கூடாது என்றது.

2005இல் சோனி பிஎம்ஜி இசை நிறுவனம் செய்தது இதற்கெல்லாம் மேல். எக்ஸ்சிபி என்ற பூட்டுடன் 52 ஆல்பங்கள் வந்தன. தட்டைக் கணினியில் போட்டதும் அதன் பிளேயர் மென்பொருள் நிறுவப்படும். 3 நகலுக்குமேல் எடுக்க விடாது. அதோடு விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு நிரல் ஒளிந்துகொள்ளும். ‘$சிஸ்$’ என்று தொடங்கும் பெயருள்ள எதையும் அது கண்ணில் படாமல் மறைத்துவிடும். மார்க் ருஸினோவிச் என்ற கணினி வல்லுநர் அக்டோபர் 31 அன்று இதை அம்பலப்படுத்திய சில நாட்களிலேயே, வைரஸ் எழுதுபவர்கள் அதே பெயரைச் சூட்டிக்கொண்டு அதே திரைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். மறைந்திருந்த கோப்புகளைக் கையால் அழித்தவர்களுக்கு வேறு தலைவலி. சிடி டிரைவுக்குப் போகும் வழியில் இந்த நிரல் தன்னைச் செருகிவைத்திருந்ததால், அதை நீக்கியதும் டிரைவே விண்டோஸிலிருந்து காணாமல் போனது. நிறுவனம் கொடுத்த நீக்கும் கருவியோ, எந்த இணையதளமும் கணினிக்குள் புகும் ஓட்டையைத் திறந்துவைத்தது. தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2007 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கணினி சேதத்துக்கு 150 டாலர்வரை கொடுக்க நேர்ந்தது.

இவ்வளவு நடந்தும் சிடிதான் இந்த ஒப்பீட்டில் என் முதல் தேர்வு. 2002 முதல் 2006 வரையிலான வெளிநாட்டுத் தட்டுகளைப் பழைய கடையில் வாங்கினால் மட்டும் ‘காம்பேக்ட் டிஸ்க்’ முத்திரை இருக்கிறதா, பின்னட்டையில் நகல் தடுப்பு பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ஆட்டோரனை (தட்டைப் போட்டதும் அதிலுள்ள மென்பொருளைத் தானே ஓட்டும் வசதி) அணைத்துவிட்டுத் தட்டைப் போடுங்கள்.

கணினியில் ஏற்ற விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி என்ற மென்பொருள்கள் போதும். ‘செக்யூர்’ முறையைத் தேர்ந்தெடுத்து, அக்யூரேட்ரிப் சரிபார்ப்பைப் போட்டு, ஃப்ளாக்காகச் சேமியுங்கள். அதே தட்டைப் பிறர் ஏற்றியபோது வந்த எண்ணோடு உங்களுடையது பொருந்தினால், ஒரு பிட்கூட விடுபடவில்லை என்று அர்த்தம். ஒரு மணி நேரத் தட்டு 635 எம்பி இருக்கும்; ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதிக்கு வரும். தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல், ஒரே தடத்தில் நீளமாகத் தரவை அழித்துவிடும், பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. படம் அச்சிட்ட பக்கத்தில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. ஒளி திருப்பும் உலோகப் படலம் அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

ஒரு தட்டில் ஐம்பது, நூறு பாட்டு என்று நம்மூரில் விற்ற ‘எம்பி3 சிடி’ வேறு சங்கதி. அது தரவுத் தட்டு. கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும். அதை ஃப்ளாக்காக மாற்றுவது இடத்தைத்தான் அடைக்கும், தரம் கூடாது.

பூட்டில்லாக் கோப்பு

2007இல் இரண்டு கதவுகள் திறந்தன. மே மாதம் ஈஎம்ஐ பாட்டுகளை ஆப்பிள் பூட்டில்லாமல் 256 கேபிபிஎஸ்ஸில் 1.29 டாலருக்கு விற்றது. செப்டம்பரில் அமேசான் எம்பி3 கடை வந்தது. 2009 ஜனவரியில் ஆப்பிள் தன் பாட்டுகள் அனைத்தையும் பூட்டில்லாமல் தருவதாக அறிவித்தது. முன்பு வாங்கியவர்கள் பூட்டைக் கழற்றப் பாட்டுக்கு 30 சென்ட் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. இன்றைக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் வாங்கினால் எம்பி3, ஃப்ளாக், வேவ் என்று வேண்டிய வடிவத்தில் இறக்கலாம். எப்போதும் ஃப்ளாக்கையே எடுங்கள். மற்ற வடிவங்களை அதிலிருந்து நாமே செய்துகொள்ளலாம்.

கடை மூடும் பரீட்சைக்குக் கூகுள் பிளே மியூசிக் நல்ல உதாரணம். 2020இல் அது மூடியது. 2021 பிப்ரவரி 24வரை வாங்கிய பாட்டுகளை இறக்கிக்கொள்ள அவகாசம் இருந்தது. இறக்கியவர்களின் எம்பி3 இன்றும் ஓடுகிறது. இறக்காமல் ‘எப்போதும் அங்கேதானே இருக்கும்’ என்று விட்டவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. எம்எஸ்என் வாடிக்கையாளருக்கு இந்த வாய்ப்பே இருக்கவில்லை. ஆகவே வாங்கிய அன்றே இறக்கி, வேறு வேறு இடங்களில் இரண்டு டிஸ்க்கில் வைத்துவிடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஐட்யூன்ஸ் கோப்புக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் எழுதப்பட்டிருக்கும். ஊருக்குப் பகிர்ந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். சிடியைப் போலப் பழைய கடையில் விற்கவும் முடியாது. அப்படி விற்க வழிசெய்த ரீடிஜி நிறுவனத்தின் வாதத்தை 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்தது போலி ஃப்ளாக், அதாவது எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றித் தருவது. சந்தேகம் வந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்து வந்தது. ஆனால் பழைய நாடா ஒலிப்பதிவுகளில் இயல்பாகவே மேல் ஒலிகள் மங்கியிருக்கும். அங்கே சரிவு மெதுவாகத் தெரியும், நேர்க்கோட்டு வெட்டு தெரியாது.

சந்தா

ஸ்பாட்டிஃபையில் ‘டவுன்லோடு’ என்று எழுதியிருப்பது பூட்டிய தற்காலிக நகல்தான். ஒவ்வொரு கருவியிலும் 10,000 பாட்டுகள், மொத்தம் 5 கருவிகள், 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். விலைக்கு இது மலிவு. வாடகை என்று தெரிந்து கொடுத்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்காரர் நினைத்தால் சாமான் வெளியே போகும். 2019இல் சரிகமா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், பழைய எச்எம்வி தட்டுகளின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து இறங்கின, 2020இல் ஒப்பந்தமான பிறகே திரும்பின. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் பாட்டுகள் போயின. 2024இல் ஏர்டெல் தன் விங்க் செயலியையே மூடியது.

உங்கள் உழைப்பு பாட்டு வரிசையில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் ‘உங்கள் தரவு’ என்று கேட்டு, அந்தப் பட்டியலைக் கோப்பாக வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

இடையில் நிற்பது சரிகமா கார்வான் வகைப் பெட்டி. இணையம் வேண்டாம், பாட்டு உள்ளேயே இருக்கிறது. வெளியே எடுக்க முடியாது. பெட்டி போனால் பாட்டும் போனது.

சட்டம் யார் பக்கம்?

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம், பூட்டு இருந்தால் உடைக்கக் கூடாது. பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்த நகலுக்கு அனுமதி வந்து, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்த மூன்றையும்விட நுகர்வோருக்கு இளகியது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை என்கிறது: 2 ஆண்டுவரை சிறை, அபராதம். 52ஆம் பிரிவு, தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதவில்லை. ஆனால் அடுத்தவருக்காகப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், அவருடைய பெயர், முகவரியுடன் பதிவு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், பின்னால் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று பொத்தான் வைப்பவர், அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கிக்கொள்ளக் கொடுப்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் இப்படி ஒரு பொத்தான் விதி கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிகமுறை ஆகிய பிரிவுகளின் கீழ்தான் போக வேண்டும். சந்தாவை ரத்து செய்ய விடாமல் இழுத்தடித்தால், 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் அதைச் சந்தாப் பொறி என்றே வகைப்படுத்துகின்றன.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியுங்கள். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: பணம் கட்டிய ரசீது, ‘வாங்கு’ என்று காட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அன்றைய நிபந்தனைகளின் நகல், சேவையை நிறுத்துவதாக வந்த மின்னஞ்சல். நிபந்தனைப் பக்கத்தை வாங்கும் அன்றே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள்; தகராறு வரும் நாளில் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம்.