மொட்டைக் கடிதாசிக்கு உதவாத மின்னஞ்சல்

பல ஆண்டுகளாகப் புரோட்டான் மெயில் பயன்படுத்துகிறேன். கடிதங்களை மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் சுவிட்சர்லாந்து மின்னஞ்சல் சேவை அது. வங்கி அறிக்கைகள், வருமான வரிக் கோப்புகள், ஊரில் இருக்கும் நிலத்தின் பத்திர நகல் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. விளம்பரம் இல்லை, என் கடிதத்தை எவரும் படிப்பதில்லை. பழைய கடிதம் ஒன்றைத் தேடுவதுதான் தொல்லை. உள்ளடக்கம் அவர்களுடைய சர்வருக்கே புரியாது என்பதால், எல்லாக் கடிதங்களையும் நம் கணினிக்கு இறக்கி, அட்டவணை போட்ட பிறகுதான் உள்ளே தேட முடியும். பூட்டு உண்மையானது என்பதற்கு இது ஒரு சான்று என்று எடுத்துக்கொண்டு பொறுத்துப் போகிறேன்.

பெறுபவரிடம் ஜிமெயில் இருந்தால் கதை வேறு. அங்கே போய்ச் சேரும் கடிதத்தைக் கூகுளின் சர்வர் படிக்கலாம். கடவுச்சொல் போட்டு அனுப்பும் வசதி இருக்கிறது. என் ஆடிட்டருக்கு அப்படி அனுப்பியபோது, "சார், இது திறக்கவில்லை, வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்" என்று பதில் வந்தது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், கோடைக்காலத் தண்ணீர் லாரிக் கணக்கு பற்றிப் பெரும் முணுமுணுப்பு இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அந்த மெயிலில் எழுதினால் யார் என்றே தெரியாதாமே?" என்று கேட்டார். கடிதத்தில் இருப்பது தெரியாது, எழுதியவர் யார் என்பது வேறு கேள்வி என்றேன். அவர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. புனைபெயரில் கணக்கு தொடங்கி, எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் புகார் அனுப்பினார். கூடவே ஒரு பிடிஎஃப்.

அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்தால், ஆசிரியர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு சேர்த்து. அலுவலக மடிக்கணினியில் வேர்டில் தட்டியது, அது தன் வழக்கப்படி பெயரை ஒட்டிவிட்டது. அதுவும் போதாதென்று, லாரி ரசீதுப் பதிவேட்டை முந்தின வாரம் கேட்டு வாங்கிப் பார்த்தவர் குடியிருப்பிலேயே அவர் ஒருவர்தான். ஆளைக் கண்டுபிடிக்கக் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் போலீஸ், நீதிமன்றம், சுவிட்சர்லாந்து எதுவும் தேவைப்படவில்லை. கேள்வி நியாயமானதுதான், ஆனால் கூட்டத்தில் கணக்கைப் பற்றிப் பேச ஆளில்லை. எழுதியவரைப் பற்றியே பேசினார்கள்.

நீல நிற இன்லண்ட் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மடித்து ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது தபால்காரருக்குத் தெரியாது. ஆனால் போய்ச் சேரும் முகவரி வெளியே இருக்கிறது, அனுப்பியவர் பெயர் எழுதவும் பின்னால் இடம் இருக்கிறது. புரோட்டானிலும் யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மணிக்கு என்பவை மறையாக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. கடிதத்தின் தலைப்பு வரியும் அப்படித்தான். அவர்கள் பின்பற்றும் ஓபன்பிஜிபி என்ற மறையாக்க முறையின் வரம்பு அது. டூட்டா என்ற ஜெர்மன் மின்னஞ்சல் சேவை தலைப்பையும் பூட்டுகிறது. ஆனால் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு என்று தெரியாமல் எந்த மின்னஞ்சல் சேவையாலும் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

கையில் இருப்பதை நீதிமன்றம் கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். 2021இல் பாரிஸில் போராடிய சூழலியல் குழு ஒன்றின் கணக்கில் யார் எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) நுழைகிறார்கள் என்று பதிவு செய்யும்படி சுவிஸ் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். கேட்டது பிரெஞ்சு போலீஸ், ஆணை சுவிஸ் சட்டப்படி. புரோட்டான் கொடுத்தது. ஐபி பதிவுகளை வைப்பதில்லை என்று தளத்தில் பெருமையாக இருந்த வாசகம் அதன் பிறகு மாறியது. 2024இல் வெளிவந்த ஸ்பெயின் வழக்கு எனக்கு இன்னும் சுவாரசியமானது. அங்கே சிக்கியது மீட்பு முகவரி. கடவுச்சொல் மறந்தால் உதவட்டும் என்று கொடுத்திருந்த அந்த முகவரி ஆப்பிளுடையது; ஆப்பிளிடம் கேட்டதும் ஆள் யார் என்பதற்கு வழி கிடைத்துவிட்டது. இரண்டு வழக்கிலும் கடிதங்களின் உள்ளடக்கம் வெளியே போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டு பூட்டாகவே இருந்தது, ஆள்தான் அகப்பட்டார்.

நம் ஊர்க் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. பெண் ஊழியரைக் குறிவைத்துச் செயற்கை நுண்ணறிவால் செய்த ஆபாசப் படங்களோடு மின்னஞ்சல்கள் வந்த வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29 அன்று, இணையத் தளங்களை முடக்க அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் புரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னைப் பள்ளிகளுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டலிலும் இதே சேவையின் பெயர் அடிபட்டது. பாதிக்கப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. நேரடியாகக் கேட்டால் கிடைக்காது, சுவிஸ் அதிகாரிகள் வழியாகத்தான் வர வேண்டும் என்றால் அதற்குள் எத்தனை மாதம் ஓடிவிடும்! ஆனாலும் ஒரு கயவனுக்காக, கணக்குப் புத்தகத்தைப் பூட்டிவைக்கும் என்னைப் போன்றவர்கள் வீதிக்கு வர வேண்டுமா என்று எனக்கும் கோபம் வருகிறது. என் கோபம் அந்தப் பெண்ணின் கோபத்துக்கு ஈடாகாது என்பதும் தெரிகிறது.

உண்மையாகவே பெயரை மறைக்க வேண்டியவர்கள், லஞ்சத்தை அம்பலப்படுத்தும் ஊழியரைப் போன்றவர்கள், ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாக நுழைய வேண்டும். மீட்பு முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுக்கக் கூடாது. டோரில் கணக்கு தொடங்கப் போனால் சரிபார்ப்பு என்ற பெயரில் இன்னொரு முகவரியைக் கேட்டுப் படுத்துவதும் உண்டு. இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வெறும் விபிஎன் போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட விதிப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும், அதனால்தான் புரோட்டான் உள்படப் பல நிறுவனங்கள் இந்திய சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. இவ்வளவும் சரியாகச் செய்தாலும், எழுதும் நடை, அனுப்பும் நேரம், இணைக்கும் கோப்பில் ஒட்டியிருக்கும் பெயர் ஆகியவை பெறுபவரிடம் ஆளைக் காட்டிக்கொடுப்பதை எந்த மறையாக்கமும் தடுக்காது.

எனக்கு இதில் எதுவும் தடையில்லை. வங்கி அறிக்கையை அந்நியர் படிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் தேவை. இந்த ஆண்டுச் சந்தாவையும் என் பெயர் பொறித்த கார்டிலேயே கட்டியிருக்கிறேன்.