கொலு பொம்மை: களிமண்ணா, காகிதக்கூழா?

நவராத்திரிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பொம்மையாவது வீட்டிலேயே செய்ய நினைத்தால், களிமண்ணும் காகிதக்கூழும்தான் எளிது.

களிமண்ணில் உருட்டி, கிள்ளி, அரை மணி நேரத்தில் ஒரு யானையை நிறுத்திவிடலாம். தும்பிக்கை ஒட்டவில்லையா, மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தடவினால் பிடித்துக்கொள்ளும். சிக்கலே காய்வதில்தான். வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விடும். எங்கள் யானைக்கு அப்படித்தான் ஒரு கால் போனது. நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். சுடாத மண் என்பதால் தண்ணீர் பட்டால் கரையும்.

காகிதக்கூழுக்குப் பொறுமை வேண்டும். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவெல்லாம் ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு அரைக்க வேண்டும். அந்த வழவழப்புதான் பசை. பாட்டிமார் முறத்தையும் கூடையையும் மெழுகியது இதே கூழில்தான். மூக்கு, கண் என்று நுணுக்கம் வராது. ஆனால் காய்ந்தால் எடையே தெரியாது, கீழே விழுந்தாலும் லேசில் உடையாது.

ஐந்து வயதுக்குக் களிமண்தான் சரி. பத்து வயதுக்கு என் ஓட்டு கூழுக்கு. தாள் கிழிக்கும் வேலையில் சின்னவனையும் சேர்த்துக்கொள்ளலாம். மிக்ஸியை மட்டும் அப்புறம் நன்றாகக் கழுவுங்கள், சட்னியில் வெந்தயம் கசக்கும்.