கயிறா, வார்டா, கூட்டமா: குடியை விடும் முதல் நாட்களில் எங்கே போவது?

குடியை நான்கு முறை விட்டவன் நான். நான்காவதுதான் நின்றது, வரும் ஆடியோடு ஏழு வருஷம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்துக்குப் போனதால், "எங்கே காட்டினீங்க?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

முதல் முறை, ஐயப்பனுக்கு மாலை. கார்த்திகை ஒன்றாம் தேதி போட்டேன். எங்கள் பக்கத்தில் மரியாதை குறையாமல் குடியை நிறுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. முந்தின வாரம் வரை "ஒரு கட்டிங் போடலாமா" என்று தோளில் கை போட்டவன், "சாமி" என்று கூப்பிட்டு ஒதுங்கிப் போவான். விடிகாலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்காலம் பஜனை. கை பரபரக்கும் அந்த ஏழு மணிக்கு உட்கார ஓர் இடம், பக்கத்தில் பத்துப் பேர். மருத்துவமனையில் கிடைக்காத விஷயம் இது. கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கோளாறு என்னவென்றால், மாலைக்குக் கழற்றும் நாள் ஒன்று உண்டு. நாற்பத்தெட்டு நாளையும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மலையிலிருந்து திரும்பும் வேனிலேயே எங்கே நிறுத்துவது என்ற பேச்சு வந்துவிட்டது. சாமி முன்னால் கயிறு கட்டுவதும் இதே கதைதான். "எத்தனை மாசத்துக்குக் கட்டணும்?" என்று பூசாரியே கேட்கிறார். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். அதுவரை சாமிக்குப் பயந்து இருப்பவன் மறுநாள் வட்டியோடு குடிக்கிறான்.

இரண்டாவது முறை, வீட்டிலேயே. "மனசு வெச்சா முடியாதா?" என்று எல்லோரும் சொல்வதை நம்பி, லீவு போட்டுவிட்டு அறைக்குள் படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் குவார்ட்டர் தேடுகிற நிலையில் அப்போது இருந்தேன். அன்றிரவே டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் சட்டையெல்லாம் டீ. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது விழுந்துவிட்டேன். வலிப்பு. கண் திறந்தபோது கையில் பீரோ சாவிக்கொத்து இருந்தது. இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை திணித்தாராம். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. உண்மையில் செய்ய வேண்டியது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுவது.

மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வருஷக்கணக்கில் சாராயம் மூளையை அமுக்க, மூளை அதை எதிர்த்து வேகம் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திடீரென்று அமுக்குவதை எடுத்தால் வேகம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் பினாத்தல்: சுவரில் பூச்சி ஊர்கிறது, செத்துப்போன அப்பா கூப்பிடுகிறார். இதில் உயிர் போவதும் உண்டு. ஆகவே தினமும் குடிப்பவர், காலையிலேயே வேண்டும் என்பவர், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. முதல் வாரம் ஆஸ்பத்திரிதான். மாலையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது முறை அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு. அந்தப் பலகையின் கீழே நிற்கக் கூசித்தான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். உள்ளே நடந்தது மிகச் சாதாரணம். "ரெண்டு கையையும் நீட்டுங்க, விரலை விரிங்க." பார்த்தார். "கடைசியா எப்போ? காலையிலயே வேணுமா? ஃபிட்ஸ் வந்திருக்கா?" திட்டவில்லை, அறிவுரையும் இல்லை. மாத்திரையை நிறையத் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்தார்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். இந்த ஊசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருமுனை கிளினிக்கில் "டல்லா இருக்காரு, ஒரு டிரிப்ஸ் ஏத்துங்க" என்று கேட்கிறோமே, குடிநோயாளிக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். குடிப்பதை மறைத்து வைத்தியம் பார்ப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

செலவு? கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், அவருக்குச் சாப்பாடு, பஸ் காசு. அவ்வளவே. 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களைத் தமிழக அரசு திறந்தது. இப்போது போகிறவர்களுக்கு வழி கொஞ்சம் சுலபம்.

ஆனால் வார்டு உடம்பைத் தேற்றி அனுப்பும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டோடு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சரியாகப் பன்னிரண்டு மணி. எதிரே டாஸ்மாக் ஷட்டரைத் தூக்கும் சத்தம். அன்று பஸ் ஏறிவிட்டேன். மூன்றாவது வாரம் அதே கடைக்கு நானாகவே போனேன்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் நான் இருந்ததில்லை. மச்சான் மூன்று மாதம் இருந்தார். கன்னமெல்லாம் தெளிந்து வந்தவர் பதினோராம் நாள் குடித்தார். மூன்று மாதமாக ஒரு கடையைக்கூடத் தாண்டி நடக்காதவருக்கு வேறென்ன பழகியிருக்கும்? எல்லா மையமும் ஒன்றல்ல. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசும் முறைக்குப் பேர்போனது. இன்னொரு பக்கம், வேனில் ஆள் அனுப்பி அமுக்கித் தூக்கிப் போகிற இடங்களும் உண்டு. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி: 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, இரவில் மருத்துவர் உண்டா, நினைத்த நாளில் வந்து பார்க்கலாமா? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுக்கும் பொடியையும் ஒரு வழியாகச் சிலர் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று இதயம் வரை போகும். அதை நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கலாம்.

நான்காவது முறை வார்டிலிருந்து நேராக ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், தொடங்கியது. எங்கள் ஊரில் அது நடப்பது பள்ளி வகுப்பறையில். மூன்றாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். கட்டணம் இல்லை, முகவரி கேட்பதில்லை, கடைசியில் ஒரு டப்பா சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒருவர் எழுந்து பேசுவார். முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடவுள் பேச்சு கொஞ்சம் தூக்கல். பகுத்தறிவு பேசுகிற நண்பன் ஒருவன் இரண்டாம் வாரமே நின்றுவிட்டான். கைநடுக்கத்துக்கு அங்கே மருந்தும் கிடையாது.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு அங்கே ஆள் இருந்தது. பெரியவர் ஒருவர் தினமும் பதினொன்றே முக்காலுக்குப் போன் செய்வார். "தம்பி, சாப்பிட்டாச்சா?" இல்லை என்றால், "முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசலாம்." பசியும் குடிக்கும் ஆசையும் அந்த நேரத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 14416, 14446 என்ற அரசு உதவி எண்களும் பரவாயில்லை, முதல் வார்த்தையை முகம் தெரியாதவரிடம் சொல்ல நினைப்பவர்களுக்கு. அந்தப் பெரியவரைப் போல தினமும் நம்மைத் தேடிக் கூப்பிட அங்கே ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம். பெண்களுக்கு இந்தக் கூட்டங்களில் தனியாக நுழைவது இன்னும் கஷ்டம். அவர்களுக்குப் போன் வழியும் ஆன்லைன் கூட்டமும் நல்ல தொடக்கம்.

இந்த வரிசையில் எனக்கு வெகுநாள் தெரியாமலே இருந்த ஒன்று அல்-அனான், குடிநோயாளியின் குடும்பத்தாருக்கான கூட்டம். மூன்றாவது முறை வார்டில் இருந்த கவுன்சலர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நான் மறுபடி குடித்துக்கொண்டிருந்த மாதங்களில் ஞாயிறுதோறும் அவள் போய்வந்திருக்கிறாள். துணிக்கடைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை மேனேஜர் போன் செய்தார். எப்போதும் "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று சொல்கிறவள், போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

மறுநாள் நான் ஓ.பி. வரிசையில் நின்றேன்.